ஒரே பெஞ்சில் இரண்டு கெஹிண்டே

ஜோஸ்
9 ஜனவரி 1989

கெஹிண்டே,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நான் விசாரிக்கப் போவதில்லை. செத்துப்போனவள் யாரை நலம் விசாரிப்பாள்?

ஆமாம், தைவோதான் எழுதுகிறேன். உன்னோடு ஒரே வயிற்றில் நெருக்கியடித்துக் கிடந்தவள். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா என்று என்னை முன்னால் தள்ளிவிட்டு, அப்புறம் சாவகாசமாக வெளியே வந்து, நான்தான் மூத்தவள் என்று சொல்லிக்கொண்டாயே, அந்தத் தைவோ. பதினோரு வருஷமாக உனக்கு ஒரு கடிதம் எழுதாதவளை இன்றைக்கு எழுத வைத்துவிட்டாய்.

நேற்று மத்தியானம் கடைவாசலில் உட்கார்ந்து, மெல்வதற்கு விற்கிற கோலா கொட்டையில் சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இபாதான் பஸ் ஓட்டுகிற முரைனா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். என்னைக் கவனிக்காமலே உள்ளே போய், என் மகள் ரிஸிகத்தின் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "அடிகுன் தாத்தா வீட்ல குடுத்துவிட்டாங்க தாயி. என்ன செய்யிறது, அல்லா கணக்கு அவ்வளவுதான். உங்கம்மா மாதிரி ஒரு மனுஷி..." என்று மூக்கைச் சிந்தினான்.

"எங்கம்மாவுக்கு என்ன? அந்தா வாசல்ல உக்காந்திருக்கு" என்றாள் ரிஸிகத்.

திரும்பினான். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் போட்ட அலறலில் எதிர்க்கடை ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது. அவனுடைய ஒரு செருப்பு இன்னும் என் வாசலில்தான் கிடக்கிறது.

பொட்டலத்தில் துக்கத்துக்குக் கொடுக்கிற வெள்ளைத் துணி. துணிக்குள் ஒரு படம். நம் அப்பா வீட்டு முற்றம், நம் அப்பா பெஞ்சு. அதில் நீ. உன் பக்கத்தில் மறுபடியும் நீ.

இப்படி ஒரு படத்துக்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இரட்டையில் ஒன்று போய்விட்டால், இருக்கிறதை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் இரண்டு தடவை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக அடித்துக் கொடுப்பார்கள். போனதன் இடம் காலியாக இருக்கக் கூடாது என்று. நெசவுக்காரர் வீட்டு இரட்டையில் ஒருத்தன் தட்டம்மையில் போன வருஷம் அவர்கள் கூடத்தில் மாட்டியிருந்த படத்தை, நீயும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தோம். உனக்கு மறந்திருக்கும். எனக்கு எதுவும் மறக்காது.

என் மூச்சு நிற்கும் முன்னே என் இடத்தில் நீயே உட்கார்ந்துகொண்டாய். உன் மகள் கல்யாணத்தில் எனக்குச் செய்தது போதாதா? எந்த ஸ்டூடியோவில் எடுத்தாய்? யார் யாருக்குக் கொடுத்தாய்? அப்பா வீட்டில் என் அறைக்கு நான் போட்ட பூட்டு அப்படியே இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

தைவோ

*

இபாதான்
20 ஜனவரி 1989

தைவோ,

உன் கடிதத்தை முரைனா என் மடியில் எறிந்துவிட்டுப் போனான். கையில் கொடுக்கவில்லை, எறிந்தான். படித்துவிட்டுச் சரிந்தேன், பக்கத்து வீட்டு ஷெஃபியூவின் அம்மா வந்து தண்ணீர் தெளித்தாள்.

எந்த ஸ்டூடியோவிலும் எடுக்கவில்லை. நான் கழுவிய படம் அது. என் குளியலறையில்.

சிரிக்காதே. என் மகன் லாகோஸ் துறைமுகத்திலிருந்து பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பொம்மைக் கேமரா கொண்டுவந்தான். ஹாங்காங் சாமான், முழுக்க பிளாஸ்டிக். லென்ஸ் கூட சீப்பு செய்கிற பிளாஸ்டிக்தான். பிள்ளைகள் இரண்டு நாள் விளையாடிவிட்டுக் கோழிக்கூண்டில் போட்டார்கள். நான் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன். ஃபிலிம் போட்டால் நிஜமாகவே படம் விழுகிறது. என் வீட்டுக்காரர் போனபிறகு பகலெல்லாம் என்ன செய்வது சொல். அப்போது நீ தந்தி அடித்தாய், வரவில்லை. அதை இப்போது பேசவில்லை.

கழுவவும் கற்றுக்கொண்டேன். என் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில் துணியைத் திணித்துவிட்டால் கும்மிருட்டு. இருட்டில் கையாலேயே தடவி ஃபிலிமைச் சுருளில் ஏற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டால் அப்புறம் வெளிச்சத்தில் வேலை செய்யலாம். மருந்தை ஊற்ற வேண்டியது, ஆட்ட வேண்டியது, கொட்ட வேண்டியது. இந்தச் சூட்டில் தண்ணீரில் ஐஸ் போடாவிட்டால் படமே கரைந்து வந்துவிடும். துணி மாதிரிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பேன். பாலைவனத்து ஹர்மட்டான் காற்றின் தூசி போய் ஒட்டிக்கொள்ளும், என்னைத் தவிர எல்லோர் மூக்கிலும் மரு இருக்கும்.

நீ பார்த்த படத்தின் கதை இதுதான். ஒரு படம் எடுத்தால் திருகைத் திருகி ஃபிலிமை நகர்த்த வேண்டும். நல்ல கேமரா என்றால் நகர்த்தாமல் அடுத்த படம் எடுக்க விடாது. இது பொம்மை, எத்தனை தடவை அமுக்கினாலும் அதே இடத்திலேயே எடுத்துக்கொண்டிருக்கும். பின்னால் கறுப்புத் துணி கட்டி, பெஞ்சில் உட்கார்ந்து, ஷெஃபியூவின் அம்மாவை அமுக்கச் சொன்னேன். அமுக்கினாள். வெயில் கண்ணில் குத்துகிறது என்று நான் நகர்ந்து மறுகோடியில் உட்கார்ந்தேன். அவள் திருகாமல் மறுபடி அமுக்கிவிட்டாள். அவ்வளவுதான் தைவோ. வேறு ஒன்றுமில்லை.

பிரிண்டைக் கொடியில் தொங்கவிட்டிருந்தேன். ஒருநாள் காணவில்லை, காற்றில் பறந்துவிட்டது என்று நினைத்தேன். அடிகுன் சித்தப்பாவின் புதுப் பெண்சாதி துணி எடுக்க வந்தவள் பார்த்து எடுத்துப் போயிருக்கிறாள். அதன் பிறகு முற்றத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, கன்னத்தில் கைவைத்து, பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி பயறு அவித்துக்கொண்டு வந்தாள். என் முழங்கால் வலியை விசாரிக்க வருகிறார்கள் என்று நினைத்து எல்லோருக்கும் நன்றி சொன்னேன். உனக்குத் தெரியும், இருக்கிற இரட்டையின் முகத்துக்கு நேரே போனதைப் பற்றி நம்மவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், கூடவே போய்விடுவாள் என்று பயம். ஒருத்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

மூன்றாவது கேள்விக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்தபிறகு எழுந்து போய்ப் பார்த்தேன். பூட்டை உடைத்திருக்கிறார்கள். உன் அறையில் சித்தப்பாவின் புதுப் பெண்சாதி கட்டில் போட்டுப் படுத்திருக்கிறாள்.

உன் கெஹிண்டே

*

ஜோஸ்
2 பிப்ரவரி 1989

கெஹிண்டே,

பூட்டை உடைக்கிற சத்தம் உன் காதில் விழவில்லையா? சின்ன வயதில் நான் ஒளித்து வைத்த வறுத்த கடலையை மெல்கிற சத்தம் உனக்கு மூன்று சுவர் தாண்டிக் கேட்டதே.

ரிஸிகத்தின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை மறுபடியும் பார்த்தேன். ஸ்டூடியோக்காரன் செய்கிற படத்தில் நடுவில் ஒரு கோடு இருக்கும், இரண்டையும் சேர்த்த இடம். இதில் இல்லை. உன் மடிக்குள்ளே பெஞ்சுப் பலகை தெரிகிறது, இரண்டு மடியிலும். அதனால் நீ சொல்வதில் பாதியை நம்புகிறேன். ஷெஃபியூவின் அம்மா திருகவில்லை, சரி.

மறுபாதிக்கு வருகிறேன். கழுவியதும் நீதான் முதலில் பார்த்தாய். அது என்ன படம் என்று உனக்குத் தெரியாதா? இரட்டையாய்ப் பிறந்தவளுக்குத் தெரியாதா? கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாம். போடவில்லை. பேப்பரில் அச்சடித்தாய். கொடியில் தொங்கவிட்டாய். ஏன்? உன் மனசில் எனக்குச் சாவு நேர்ந்து எவ்வளவு காலமாயிற்று? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்.

கல்யாணத்தை நான் மறக்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரே துணி உடுத்தியவர்கள் நாம். நிமோதாவின் கல்யாணத்தன்று நீ வெள்ளை லேஸில் நின்றாய். எனக்கு அனுப்பியது விருந்தாளிகளுக்கு வாங்கிய பச்சைத் துணி. மாப்பிள்ளை வீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, "நீங்க பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள். உன் முகத்தையே கழுத்தில் வைத்துக்கொண்டு நின்ற என்னைக் கேட்டாள். அன்றைக்குச் சொன்னேன், உன் வாசல்படி ஏறமாட்டேன் என்று. ஏறவும் மாட்டேன்.

அடிகுன் சித்தப்பாவிடம் போய்ச் சொல்: தைவோ உயிரோடு இருக்கிறாள், கட்டிலை வெளியே தூக்கிப் போடு என்று. மூத்தவள் நீதானே. சொல்.

தைவோ

*

இபாதான்
11 பிப்ரவரி 1989

தைவோ,

சொன்னேன். முற்றத்தில் எல்லோர் முன்னாலும் உன் இரண்டு கடிதத்தையும் உரக்கப் படித்தேன். சித்தப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பாவம்டி நீ" என்றார்.

"சித்தப்பா, அவ உசுரோட இருக்கா. முரைனாவே கண்ணால பாத்தான்" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன். பாத்தான். ஜோஸ்ல பாத்தான். இங்க ஆயுசு முடிஞ்சவங்க தெரியாத ஊர்ல போய்க் கடை வச்சுக் குடும்பமா இருக்கிறது இல்லையா? எங்க மாமன் ஒருத்தர் இங்க அடக்கமாகி மூணு வருஷம் கழிச்சு கானோவுல தையக்கடை வச்சிருந்தாரு. தெரிஞ்சவன் ஒருத்தன் பேர் சொல்லிக் கூப்பிட்டான். துணி மெஷின்ல இருக்கு, ஆளைக் காணோம்."

முரைனா பக்கத்தில் நின்று தலையை ஆட்டினான். "கோலா கொட்டைதான் பொறுக்கிட்டிருந்தாங்க. ஆனா ஒண்ணுகூட வாயில போடல பெரியம்மா."

இப்போது நான் என்ன சொன்னாலும் அது அவர்கள் பக்கம் போய்ச் சேர்கிறது. நீ கடிதம் எழுதினால், அங்கே எழுந்து வாழ்கிறவள் எழுதாமல் என்ன செய்வாள் என்கிறார்கள். கடைசியில் சித்தப்பா, எங்கே பிடித்தாரோ, ஒரு விதி கொண்டுவந்தார்: அப்படிப்பட்டவர்கள் படத்தில் விழமாட்டார்கள். விழுந்தால் அவரே கட்டிலைத் தூக்குவார். முற்றமே சாட்சி.

அதனால் கேமராவை முரைனாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஃபிலிம் போட்டிருக்கிறேன். தனியாக எடுக்காதே, தனியாக இருந்தால் நான்தான் என்பார்கள். ரிஸிகத்தோடு, அவள் பிள்ளைகளோடு உட்கார். நான் இங்கேயே இருப்பது எல்லோருக்கும் தெரியும். வெயிலில் உட்கார். எடுக்கிறவர் நாலு எட்டு தள்ளி நிற்கட்டும். ஒவ்வொரு தடவையும் திருகு, பின்னால் சிவப்பு ஜன்னலில் அடுத்த எண் வருகிறவரை. முடிந்ததும் திருகிக்கொண்டே இருந்தால் லேசாகிவிடும், அப்படியே அனுப்பு. நான் ஒட்டியிருக்கிற கறுப்பு டேப்பைத் தொடாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

பிரிண்ட் போடும்போது சிவப்பு விளக்குதான் எரியும். பேப்பரை மருந்துத் தட்டில் போட்டால் முதலில் வெறும் வெள்ளை. பிறகு கறுப்பான இடங்கள் எட்டிப் பார்க்கும். தலைமுடி, கண், நிழல். ஒரு முகம் வந்தது. அது நான். அப்புறம் பக்கத்தில் இன்னொன்று வரத் தொடங்கியது. தைவோ, எனக்கு நெசவுக்காரர் வீட்டுப் படம் ஞாபகம் வரவில்லை. ஸ்டூடியோ ஞாபகம் வரவில்லை. நீ வந்துவிட்டாய் என்று நினைத்தேன். "எப்ப வந்தே?" என்று வாய்விட்டுக் கேட்டேன். குளியலறையில் நின்றுகொண்டு, ஒரு தட்டைப் பார்த்து. அதை எப்படிக் கிழிப்பேன்?

லேஸ் விஷயம்: மாப்பிள்ளை வீட்டார் ஒருத்திக்கான அளவுதான் கொடுத்தார்கள். உனக்குப் புரியும் என்று நினைத்தேன். அது என் தப்பு நினைப்பு.

உன் கெஹிண்டே

*

ஜோஸ்
25 பிப்ரவரி 1989

கெஹிண்டே,

முரைனா கேமராவைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டு, சின்னப் பிள்ளையிடம் சொல்லியனுப்பினான். "ஏண்டா பயப்படுறே, வா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்று கூப்பிட்டேன். "நோன்பு பெரியம்மா" என்றான். ரமலானுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

உன் சாமான் சோப்பு டப்பா கனம் கூட இல்லை. இதற்காகவா நீ குளியலறையைக் கெடுத்துவைத்திருக்கிறாய்? எங்கே குளிக்கிறாய்?

எடுத்தோம். நான் நல்ல துணி உடுத்தி, ரிஸிகத் பக்கத்தில், பிள்ளைகள் காலடியில். மீன் விற்கிற ஹவுசா இனத்துக்காரர்தான் அமுக்கினார். "சிரிங்க ஆத்தா" என்றார். செத்தவளைச் சிரிக்கச் சொல்கிறான் பார் என்றேன், அந்த மனிதர் கேமராவைக் கீழே வைத்துவிட்டார். மறுபடி கெஞ்சி எடுக்கவைத்தோம். சந்தை முன்னால் ஒன்று, பாறை முன்னால் ஒன்று, நான் யாம் கிழங்கு இடிக்கிற மாதிரி ஒன்று. எல்லாவற்றுக்கும் திருகினேன். எண் வந்த பிறகும் இன்னொரு திருகு சேர்த்தே திருகினேன், உன் ஷெஃபியூவின் அம்மா மாதிரி நான் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். முழுக்க டேப் ஒட்டி அனுப்பியிருக்கிறாயே, நான் என்ன திருடியா? தொடாதே என்று வேறு எழுதியிருக்கிறாய். எல்லாம் முடிந்தபிறகு, சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பி அந்தக் கிழவன் முன்னால் அவமானப்பட நான் தயாராக இல்லை. டேப்பை உரித்து, மூடியைத் திறந்து, சுருளை வாசலில் வெளிச்சத்துக்குப் பிடித்து முழுக்க விரித்துப் பார்த்தேன். ஒரு படமும் கண்ணுக்குத் தெரியவில்லை. நீ கழுவினால்தான் தெரியும்போல. இறுக்கமாகச் சுற்றி, மூடி, உன் டேப்பையே மறுபடி ஒட்டிவிட்டேன். ஒரு கீறல் கிடையாது.

நீ தட்டைப் பார்த்துப் பேசியதை நம்பலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சிவப்பு விளக்கில் யார் முகமும் நல்லதாகத்தான் தெரியும்.

கட்டிலைத் தூக்கியதும் எழுது.

தைவோ

*

இபாதான்
8 மார்ச் 1989

தைவோ,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இதற்கு நீ பதில் போடுவாயா என்றும் தெரியவில்லை.

கேமரா வந்தது. உன் கடிதம் வரவில்லை. முரைனா அதை இன்னொரு சட்டைப் பையில் வைத்து மறந்திருக்கிறான். எனக்கு அது தெரியாது. நீ இந்தத் தடவை எழுதவே இல்லை என்று நினைத்தேன். அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

காலையில் முற்றம் முழுக்க ஆட்கள். சித்தப்பா நாற்காலி போட்டு என் குளியலறைக்கு நேராக உட்கார்ந்திருந்தார். உள்ளே போய், துணியைத் திணித்து, இருட்டில் சுருளில் ஏற்றினேன்.  டப்பாவை வெளியே கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் மருந்து ஊற்றினேன், ஆட்டினேன், கொட்டினேன்.  மூடியைத் திறந்து ஈரச் சுருளை எடுத்துப் பிரித்தேன்.

கறுப்பு. முதலிலிருந்து கடைசி வரை சட்டியின் அடி மாதிரி கறுப்பு. நீ இல்லை. ரிஸிகத் இல்லை. பிள்ளைகள் இல்லை. வெயில் இல்லை.

"சொன்னேன்ல" என்றார் சித்தப்பா. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். பெண்கள் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள்.

நான் "வெளிச்சம் பட்டிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அது எனக்குத் தெரியும். எத்தனை சுருளை நானே அப்படிக் கெடுத்திருக்கிறேன். தெரிந்தும் சுருளைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று ஷெஃபியூவின் அம்மாவைக் கேட்டால்தான் தெரியும்.

அன்றைக்குத்தான் யோசித்தேன். இந்தப் பதினோரு வருஷத்தில் உன்னைக் கண்ணால் பார்த்தது யார்? ஒரே ஒருத்தன். அவனும் பார்த்துவிட்டு ஓடினான். உன் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். எழுத்து என் எழுத்தாக இருந்தது. ஒரே பலகையில் எழுதிப் பழகியவர்கள் நாம், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அது என் எழுத்துதான். நானே எழுதி நானே படித்துக்கொள்கிறேனா என்று நினைத்தேன். பலகை உடைந்ததும் யார் உடைத்தது என்று அம்மா கேட்டபோது நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அவள்" என்று சொன்னதும் உண்மையா, இல்லை நான் கட்டிய கதையா என்று கூடத் தெரியவில்லை.

ஜோஸுக்குக் கிளம்பினேன். மூட்டை கட்டி வாசலில் வைத்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். சித்தப்பா சொல்வது போல நீ அப்படிப்பட்டவளாக இருந்தால், நான் உன்னைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்ட உடனே போய்விடுவாய். பார்க்காமல் இருந்தால் கடிதமாவது வரும். மூட்டையை உள்ளே எடுத்து வைத்தேன். இதைப் படித்து நீ என்னைத் திட்டுவாய். திட்டு. திட்டி நாலு பக்கம் எழுது.

நான்கு நாள் கழித்து முரைனா அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டபோது உன் கடிதம் கிடைத்தது. நீ டேப்பை உரித்தாயா! வாசலில் விரித்தாயா! இந்தத் திமிர் வேறு யாருக்கு வரும்? சிரித்தேன், அப்புறம் அழுதேன். முற்றத்தில் படித்துக் காட்டினேன். "பாத்தியா, அவளுக்கே காரணம் தெரிஞ்சிருக்கு, உன் மனசு நோகக் கூடாதுன்னு கதை சொல்றா" என்றார் சித்தப்பா. நான் எதிர்த்துப் பேசினேன். ஆனால் அந்தப் பயம் முழுதாகப் போய்விட்டது என்று உன்னிடம் பொய் எழுதமாட்டேன். ஒரு துளி தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினேழாம் தேதி, செத்தவர்களுக்கு ஓதுகிற துஆவை உனக்காக ஓதப்போகிறார்கள். ஆடு வாங்கிக் கட்டியாயிற்று. வா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வராதே என்று எழுதவும் கை வரவில்லை.

கெஹிண்டே

*

இபாதான்
அப்பா வீடு, என் அறை
17 மார்ச் 1989, வெள்ளிக்கிழமை

கெஹிண்டே,

நான் அறையில் இருக்கிறேன். நீ இன்னும் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. அதனால் இதை முரைனாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் பயத்தில் கசக்கியிருந்தால் அது என் குற்றமில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. அது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரிஸிகத்தைக் கூப்பிட்டு என் கையைக் கிள்ளச் சொன்னேன். "என்னம்மா இது?" என்றாள். கிள்ளுடி என்றேன். வலித்தது. உலகம் முழுக்க நான் செத்தேன் என்று சொன்னாலும் மோர் குடித்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பவள் நான். நீ நினைத்துவிட்டாய் என்று படித்ததும், ஒரு நொடி, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதற்கு உன்னை மன்னிக்கமாட்டேன்.

பஸ்ஸில் முரைனா கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வண்டியை இரண்டு தடவை பள்ளத்தில் இறக்கினான். இறங்கி, வெயிலில் நடந்து, முற்றத்துக்குள் வந்தேன். மௌலவி ஓதிக்கொண்டிருந்தார். பாய் நிறைய ஆட்கள். சித்தப்பாதான் முதலில் பார்த்தார். கையில் எண்ணி ஓதிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணிமாலை விழுந்தது. அவருடைய புதுப் பெண்சாதி சமையல் கரண்டியோடு ஓடினாள், பின்வாசல் வழியாக, இன்னும் திரும்பவில்லை. கூட்டத்தில் பாதி உன்னை நினைத்து, "கெஹிண்டே, உள்ள போம்மா, நீ இதையெல்லாம் பாக்கக் கூடாது" என்றது. நான் சொன்னேன்: "நான் கெஹிண்டே இல்ல. நல்லாப் பாத்துக்கங்க. பேர் சொல்லிக் கூப்பிடணும்னு ஆசைப்படுறவங்க வரிசையா வந்து கூப்பிடுங்க."

ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் மௌலவிதான், "தைவோ?" என்றார். என்ன என்றேன். மறுபடி "தைவோ" என்றார். என்ன மௌலவி, காது கேக்குது என்றேன். அங்கேயேதான் நின்றேன். எங்கேயும் போகவில்லை. சித்தப்பா தரையில் உட்கார்ந்து அழுதார். அவரை அழவிட்டு, பானையைத் திறந்து, என் துஆவுக்கு அறுத்த ஆட்டில் ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். உப்பு அதிகம். என் சாவுக்கு இன்னும் கொஞ்சம் அக்கறையாகச் சமைத்திருக்கலாம்.

பிறகு உன் வீட்டுப் பக்கம் வந்தேன். வாசல்படி ஏறமாட்டேன் என்று சொன்னவள் ஏறிவிட்டேன், இப்போது திருப்திதானே. உன் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. கை வைத்தேன்.

"கதவைத் தொறக்காதே!" என்றாய்.

பதினோரு வருஷம் கழித்து உன் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் வார்த்தை. ஜோஸிலிருந்து வந்தவளுக்கு. கதவைத் திறக்காதே. யார் வீட்டுப் பிள்ளைக்கோ பெயர் வைத்த படமாம், ஷெஃபியூவின் அம்மா சொன்னாள், அதைக் கழுவ இன்றைக்குத்தான் உனக்கு நாள் கிடைத்தது.

"நான்தான்" என்றேன்.

"தெரியும். தொறக்காதே. வெளிச்சம் பட்டாப் போயிடும்."

"எது போயிடும்? உன் ஃபிலிமா, நானா?"

 உள்ளே உன் மூச்சு மட்டும் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. நானும் அப்படித்தான் நின்றேன்.

திட்டிவிட்டுப் போயிருப்பேன். கீழே பார்த்தால் கதவிடுக்கில் நீ திணித்த துணி ஒரு பக்கம் நழுவி, வெயில் கோடு போட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. என் தலைத்துணியை அவிழ்த்து மடித்து அந்த இடத்தில் திணித்தேன். உனக்காக இல்லை. அந்தப் பிள்ளைக்காக, அது என்ன பாவம் செய்தது. கோடு நின்றதும் உள்ளே நீ அழ ஆரம்பித்தாய். கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு முடியவில்லை, அறைக்கு வந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் கட்டிலில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மெத்தை நன்றாக இருக்கிறது, இதை மட்டும் திருப்பித் தரமாட்டேன்.

எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். பிற்பகல் தொழுகைக்கு அசர் பாங்கும் சொல்லிவிட்டார்கள், நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். உன் சுருள் எவ்வளவு நேரம் எடுக்குமோ எடுக்கட்டும். அவசரப்பட்டு அதைக் கெடுக்காதே.

ஆனால் என் தலைத்துணி உன் கதவுக்கடியில் இருக்கிறது. முற்றம் நிறைய ஆண்கள், மௌலவி வேறு இருக்கிறார், நான் வெறுந்தலையோடு வெளியே வரமுடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். கொண்டுவா. யாரிடமும் கொடுத்தனுப்பாதே.

தைவோ